போமிக்காவுக்குக் கீழே பலாப்பலகை

எழுபதுகளின் சாவகச்சேரியில் பெரும்பாலான கடைகளுக்குக் கதவு கிடையாது, பலகைகள்தான். வாசலுக்கு மேலும் கீழும் தவாளிப்பு வெட்டிய மரச்சட்டம் இருக்கும். அதற்குள் பலகைகளை ஒவ்வொன்றாகச் செருகி, குறுக்கே இரும்புச் சலாகை போட்டுப் பூட்டுவார்கள். ஒவ்வொரு பலகையிலும் வெள்ளைப் பெயின்ரில் இலக்கம் எழுதியிருக்கும். இலக்கம் மாறினால் கடையைப் பூட்ட முடியாது. தச்சர் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்துக்கென்று இழைத்திருப்பார். காலையில் கண்டி வீதியால் பள்ளிக்கூடம் போகும்போது கடைப் பெடியன்கள் பலகை கழற்றிச் சுவரோடு சாத்தும் சத்தம் சந்தையடியிலிருந்து பஸ் நிலையம் வரை கூடவே வரும்.

உள்ளே எப்போதும் அரையிருட்டு. நடுவில் ஒரு மஞ்சள் பல்ப். வாய் சுருட்டிய சாக்குகள், வளையில் தொங்கும் கயிற்றுக் கட்டுகள், மூலையில் மண்ணெண்ணெய்ப் பீப்பா, எல்லாவற்றுக்கும் மேலே கருவாட்டு மணம். முதலாளி லாச்சி வைத்த சாய்மேசைக்குப் பின்னால் சப்பாணி கட்டி இருப்பார். 1970 முதல் 1977 வரை இறக்குமதி இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்த காலம் அது. பாணுக்கு விடியப்புறம் கியூ, சீனிக்குக் கூப்பன், சீத்தைத் துணிக்குச் சங்கக்கடை. வெங்காயமும் மிளகாயும் செய்த வலிகாமத்தார் அதைத் தங்கள் பொற்காலம் என்பார்கள். தேங்காயையும் பலாவையும் மாவையும் நம்பியிருந்த எங்கள் தென்மராட்சிக்கு அந்த வெளிச்சம் கொஞ்சமாகத்தான் விழுந்தது. கடைக்காரருக்கும் பொருளைக் காட்டி விற்கும் அவசியம் இருக்கவில்லை. “லக்ஸ்பிறே கிடக்கோ?” என்று கேட்டால் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பார், பின்னறைப் பக்கம் திரும்புவதா இல்லையா என்பது அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிடும்.

1977 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். அதே வருடம் தமிழருக்கு வேறென்ன நடந்தது என்பதை இங்கே நான் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கடைகளைப் பற்றித்தான் கதை. ஜப்பான் ரேப் ரெக்கோடர், நைலெக்ஸ் சீலை, கண்ணாடிக் கோப்பை, பிளாஸ்ரிக் பூ என்று சாமான் வந்து குவிந்தது. குவிந்ததை ஒளித்து வைத்து விற்க முடியாது. காட்டுவதற்குக் கண்ணாடி அலுமாரி வேண்டும், அலுமாரிக்கு வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் பட்டால் பழைய சுவரும் சாணி மெழுகின நிலமும் பல்லைக் காட்டும். ஆகவே எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளிலும் பெரியகடைப் புடவைக்கடைகளிலும் நாங்கள் வாய் பார்த்துவிட்டு வந்த சங்கதிகள் பத்து மைல் கிழக்கே நகர்ந்து எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தன. 1983 ஆவதற்குள் சாவகச்சேரி முகம் மாறிவிட்டது.

முதலில் மாறியது புடவைக்கடை. முன்பெல்லாம் அங்கே வெள்ளைத் துணி விரித்த மேடையில் விற்பனைக்காரர் இருந்து சீலையை உதறி விரிப்பார். நாங்கள் எதிரே வாங்கில் இருப்போம். இப்போது இடுப்பளவு கவுண்டர், அதற்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், தூண்களுக்கு நாலு பக்கமும் முகக்கண்ணாடி. வாசலில் ஒரு பொம்மை. மூக்கு நுனி உடைந்த, நீலக் கண் வைத்த வெள்ளைக்காரப் பொம்மைக்குக் கூறைச்சீலை உடுத்திப் பொட்டும் வைத்திருந்தார்கள். தரை சிவப்புச் சீமெந்து. மான்சன் பொலிஷ் போட்டுத் தென்னந்தும்பால் தேய்த்துத் தேய்த்து அதில் ரியூப் லைற் நீளக் கோடாக விழும். தீபாவளிக்கு உடுப்பெடுக்கப் போன என் பெரியம்மா படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். “உதென்னடா, கோயில் மண்டபம் மாதிரி மினுங்குது, மிதிக்கவே பயமாக் கிடக்கு” என்றார். முதலாளி ஓடிவந்து, “செருப்போட வாங்கோ அக்கா” என்று கெஞ்சியும் கேட்கவில்லை. அன்று அந்தப் படியில் பெரியம்மாவின் செருப்பு மட்டும் கிடக்கவில்லை, நிறையச் செருப்புகள் கிடந்தன.

பிறகு போமிக்கா வந்தது. 1912 இல் அமெரிக்காவில் வெஸ்ரிங்ஹவுஸ் பொறியியலாளர் இருவர் மின்காப்புக்கென்று உருவாக்கி, அடுத்த வருடம் சின்சினாட்டியில் கொம்பனி தொடங்கி விற்ற பொருள் அது. உலகம் முழுக்கச் சமையலறை மேசைகளிலும் தேத்தண்ணிக்கடை மேசைகளிலும் ஏறி இறங்கி, அங்கெல்லாம் மவுசு குறையத் தொடங்கிய நேரத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது. பச்சைச் சலவைக்கல் மாதிரி ஒன்று, செம்மஞ்சள் பூப்போட்டது ஒன்று, தேக்கு ரேகை ஓடியது ஒன்று. இதில் தேக்கு ரேகைக்குத்தான் கிராக்கி அதிகம். தென்மராட்சி பலா ஊர். எங்கள் வீடுகளில் கதிரை, அலுமாரி, பெட்டகம் எல்லாம் பலாமரத்தில்தான். புதிதில் மஞ்சளாக இருந்து, வயது போகப் போகத் தேன் நிறத்துக்குக் கறுக்கும் அந்த மரத்துக்கு ஈடு கிடையாது. கடைக்கு அலுமாரி செய்த தச்சர்மாரும் அதே பலாப்பலகையில் செய்து, இழைத்து, உப்புத்தாள் போட்டு, அதன் மேல் பசை பூசி, மரம் போலத் தெரியும் தகட்டை ஒட்டினார்கள். நல்ல மரத்தை மறைத்துப் பொய் மரம்! இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது. அன்றைக்கு நானும் அந்தத் தகட்டின் வழுவழுப்பைக் கன்னத்தால் தொட்டுப் பார்த்தவன்தான்.

அந்தத் தச்சர்களைப் பற்றி யாராவது விரிவாக எழுத வேண்டும். கோயிலுக்கு வாகனம் செய்த கைகளே கடைக்கு ஷோகேஸும் செய்தன. அதனால் எங்கள் ஊர் ஷோகேஸ்களில் எங்காவது ஒரு தாமரை இருந்தே தீரும். கண்ணாடிக் கதவின் மேல் வளைவில் இரண்டு கிளி, கால் முனையில் யாளியின் நகம். படத்தில் பார்த்த கதாநாயகன் வீட்டு மண்டபத்தைப் போலச் செய்து தரச் சொல்லி முதலாளி கேட்பார். தச்சரும் ஓமென்று தலையாட்டிவிட்டுத் தனக்குத் தெரிந்ததையே செய்துகொண்டு வருவார். இரண்டு பேருக்கும் திருப்தி.

கூல்பாரைச் சொல்லாமல் எண்பதுகளைச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து லிங்கனும் சுபாஸும் சனம் பேசிப் பேசிப் பெயரெடுத்த இடங்கள். எங்கள் ஊரில் இருந்தவை அவற்றின் தம்பிமார். நான் அதிகம் போனது பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்த ஒன்றுக்கு. வாசலில் மணி கோத்த திரை. அதை விலக்கி உள்ளே போனால் வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொன்றாகத் தெரியும்: நீலமும் சிவப்புமாகச் சின்னப் பல்புகள், இரண்டு பக்கச் சுவரிலும் எதிரெதிராகக் கண்ணாடி, அதற்குள் போய்க்கொண்டே இருக்கும் மேசைகளும் மனிதர்களும். மேசைக்குப் போமிக்கா, விளிம்பில் அலுமினியப் பட்டி. கதிரை இரும்புச் சட்டத்தில் பிளாஸ்ரிக் வயர் பின்னியது. கால்சட்டை போட்டவன் அதில் கால் மணித்தியாலம் இருந்து எழும்பினால் தொடையில் வரி வரியாக அச்சு விழுந்திருக்கும். பின்பக்கம் நெஞ்சளவு உயரத்தில் பலகை அடைத்த கபின்கள், அவற்றுக்குப் பூப்போட்ட திரை. குடும்பமாக வருபவர்களுக்கு என்று பேர். வேறு ஆட்களும் இருந்தார்கள். ஐஸ்கிறீம் கொண்டுபோகும் பெடியன் திரைக்கு வெளியே நின்று ஒரு தரம் இருமிவிட்டுத்தான் உள்ளே கையை நீட்டுவான்; அந்த இருமலை முதலாளியே பழக்கியிருந்தார்.

ஸ்பெஷல் என்று கேட்டால் காலுள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிறத்தில் வரும், மேலே ஜெலியும் கஜுவும் ஒரு வேஃபரும். காசு குறைந்த நாளில் சர்பத்; அடியில் கசகசா மிதக்கும் நீண்ட கிளாசும் அதைவிட நீண்ட கரண்டியும். பங்குனித் திங்களில் மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்கிவிட்டு வரும் சனம் மத்தியானத்துக்குப் பிறகு அங்கே இறங்கும். சாம்பலும் புகையும் பட்ட முகங்களோடு, பானையையும் அகப்பையையும் கடகத்தையும் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, நீலப் பல்புக்குக் கீழே ஐஸ்கிறீம் தின்னும் ஆச்சிமாரை நான் அங்கேதான் பார்த்தேன். கண்ணாடிக்குள் அவர்கள் ஆயிரம் பேராகத் தெரிந்தார்கள்.

கூல்பாருக்குப் பக்கத்தில் பாட்டுப் பதியும் கடை. அந்தக் கடைக்குத் தனியாக அலங்காரம் எதுவும் தேவைப்படவில்லை, கசெற் உறைகளே சுவரை மூடியிருந்தன. ரீ.டி.கே. அறுபதா தொண்ணூறா என்பதுதான் முதல் கேள்வி. கொப்பித்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால் ஒரு கிழமை கழித்துத் தருவார்கள். அந்த வரிசையைப் பார்த்து எழுதியவரைப் பற்றி முடிவு கட்டுவதில் கடைக்காரர் கெட்டிக்காரர்.

சலூன்களுக்கு நான் அவ்வளவு ரசிகனல்ல. அங்கேயும் எதிரெதிர்க் கண்ணாடிதான், நடிகைகளின் கலண்டர்தான், சுழலும் கதிரைதான். ஆனால் வாங்கில் கிடக்கும் பேப்பருக்காகவே முடி வளராத நாளிலும் போயிருக்கிறேன். 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஈழநாடு அச்சகமும் எரிக்கப்பட்ட பிறகு சலூன் வாங்கில் பேச்சின் சுருதி மாறிவிட்டது. சவரக்கத்தி நின்று நின்றுதான் நகரும்.

ஸ்ரூடியோவைப் பற்றி மட்டும் நிறையச் சொல்ல வேண்டும், அது பின்னால் எனக்கு ஒரு காரியத்துக்குத் தேவைப்படுகிறது. அடையாள அட்டைக்கோ கலியாணப் பேச்சுக்கோ படம் எடுக்கப் போனால் முன்னறையில் ஒரு முகக்கண்ணாடி, பல்லுடைந்த சீப்பு, பவுடர் ரின். உள்ளறையில் சுவர் அகலத்துக்குத் திரைச்சீலை. அதில் வளைந்து ஏறும் மாடிப்படி, தூண்கள், தூரத்தில் நீர்வீழ்ச்சி. சாவகச்சேரியில் மாடிப்படி உள்ள வீடே அருமை. நீர்வீழ்ச்சிக்குக் குடாநாட்டில் இடமே இல்லை. திரைக்கு முன்னால் ஒரு ஸ்ரூல், அதன் மேல் இணைப்பில்லாத ரெலிபோன், பிளாஸ்ரிக் ரோசாப்பூ. என் தங்கச்சி அந்த ரெலிபோனைக் காதில் வைத்துச் சிரிக்கும் படம் இன்னும் இருக்கிறது. அவள் உண்மையான ரெலிபோனில் பேசினது அதற்கு எத்தனையோ வருடம் கழித்து, கனடாவுக்கு.

இதெல்லாம் எவ்வளவு காலம் இருந்தது என்று கணக்குப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். எண்பதுகளின் நடுவிலேயே ஊரடங்கும் கடையடைப்பும் ஷெல்லும் வந்துவிட்டன. 1987 ஒக்டோபர் 27 அன்று இந்திய அமைதிப்படையின் ஹெலிகொப்ரர்கள் சந்தையடியில் தாக்கியபோது ஊரே செத்த வீடானது. கண்ணாடி போன கடைகளில் பல பிறகு தகரம் அடித்துத் திறந்தன.

ஆனால் அந்த அலங்காரத்தை உறைய வைத்தது 1990. ஜூனில் மறுபடி சண்டை தொடங்கியதும் யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் நின்றது. பெற்றோல், பற்றரி, பசளை, சீமெந்து எல்லாம் தடைப்பட்டியலில் ஏறின. சீமெந்து வராத ஊரில் கடையை எப்படித் திருத்துவது? கொழும்பிலும் சென்னையிலும் போமிக்காவைப் பிடுங்கி எறிந்துவிட்டு வேறொன்றைப் பூட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில், எங்கள் ஊர்க் கடைகள் 1984 இல் இருந்த கோலத்திலேயே நின்றன. ரியூப் லைற்றுகள் கூரையில் வெறும் வெள்ளைத் தடியாக இருந்தன. காசுமேசையில் ஜாம் போத்தல் விளக்கு. அப்போதுதான் அந்த முகக்கண்ணாடிகளின் உண்மையான உபயோகம் தெரிந்தது: ஒரு விளக்கைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தால் இரண்டு விளக்கின் வெளிச்சம். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் ஷோகேஸ் வெறுமையாகத் தெரியக்கூடாது என்று வெற்றுப் பால்மா ரின்களைக் கழுவித் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தார். யாரும் விலை கேட்கவில்லை. கூல்பாரில் ஐஸ் இல்லை. முன்பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வந்தது. ஊர் முழுக்கச் சைக்கிளில் ஓடிய காலம், வருமானம் ஐஸ்கிறீமைவிட மோசமில்லை. சில நாள் பின்னேரங்களில் ஒரு பெடியன் சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைக் கையால் சுற்றுவான், டைனமோவில் இருந்து வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். அவன் கை களைத்தால் பாட்டும் களைக்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க எங்கள் பக்கம் நடந்து வந்தது. செம்மணி வெளி தாண்டி, நாவற்குழிப் பாலம் தாண்டி, மழைக்குள் வந்த சனத்துக்குச் சாவகச்சேரியில் வீடு, பள்ளிக்கூடம், கோயில் எதுவும் போதவில்லை. கடைகளும் வீடாயின. கபின்களுக்குள் குடும்பங்கள் குடியிருந்தன. முதலாளி கண்ணில் படாமல் இருக்கவென்று போட்ட திரை அவர்களுக்கு மானம் காத்தது. போமிக்கா மேசைகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்கள். யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் சிலர் கையில் கொண்டுவந்ததை வைத்து விறாந்தைகளில் வியாபாரம் தொடங்கினார்கள். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியையும் பிடிக்க, வந்தவர்களில் பெரும்பகுதி திரும்பிப் போனது, மிச்சம் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குப் போனது. அடுத்த வருடம் நானும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

2000 ஏப்ரல் 22 இல் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தது. மே மாதம் சண்டை சாவகச்சேரிக்குள் வந்தது. செப்டெம்பரில் இராணுவம் திரும்பப் பிடித்தபோது நகரம் என்று சொல்ல அங்கே அதிகம் இருக்கவில்லை. நான் பார்த்தது 2002 இல், யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஏ9 பாதை திறந்த கொஞ்ச நாளில். கூரை இல்லை, சுவர் இல்லை, சில இடங்களில் தூண்கள் மட்டும். எது எந்தக் கடை என்று கண்டுபிடிக்க ஒரேயொரு வழிதான் இருந்தது: தரை. சிவப்புச் சீமெந்து கண்டால் புடவைக்கடை. பச்சைச் சீமெந்தில் கறுப்புக் கரை போட்டது மருந்துக்கடை. மொசைக் சிப்ஸ் நகைக்கடைக்கு. பொலிஷ் தேய்த்த இடம் அத்தனை வெயிலுக்கும் மழைக்கும் பிறகும் கொஞ்சம் மினுங்க, ஷோகேஸ் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாக மங்கிக் கிடந்தது. கூல்பாரில் எத்தனை மேசை இருந்தது என்பதைக்கூட எண்ணலாம் போல இருந்தது. மேசைகள் இல்லை. பலாப்பலகைகள் பதுங்குகுழிக்கோ அடுப்புக்கோ போயிருக்கும்.

கனடாவுக்கு வந்தபின் ஒன்றைக் கவனித்தேன். ரொறன்ரோவின் நடுப்பகுதியில் பழைய காலத்துப் பாணி என்று சொல்லிப் போமிக்கா மேசை போட்ட கோப்பிக்கடைகள் இருக்கின்றன. மேசையின் கீறலுக்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். அங்கே வரும் என் வயதுக்காரர்களுக்கு அது ஒரு சிரிப்பு. அவர்களின் தாய்மார் அந்த மேசைகளை வாங்கினார்கள், பிள்ளைகள் அதை வெறுத்தார்கள், கழற்றிக் குப்பையில் போட்டார்கள், பிறகு ஒருநாள் ஏங்கத் தொடங்கினார்கள். அது ஒழுங்கான வரிசை. எங்களுக்கு நடுவில் ஒரு படி இல்லாமல் போய்விட்டது. நாங்கள் போமிக்காவை ஒருநாளும் வெறுக்கவில்லை. அந்த நீலப் பல்பு நாட்டுப்புறத்தனம் என்று முகம் சுளிக்க எங்களுக்கு வயது வரவில்லை. வயது வந்தபோது பல்பு இல்லை. அதனால் என் ஏக்கத்தில் சிரிப்பு இல்லை என்பது மனைவியின் முறைப்பாடு. பழைய மேசையைக் கண்டால் இழவு வீட்டு முகம் வைக்கிறேனாம்.

அந்தப் பாணி செத்தே போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். பாரிஸில் லா சப்பலுக்குப் போங்கள். ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் புடவைக்கடைகளுக்குள் நுழையுங்கள். தூணைச் சுற்றிக் கண்ணாடி, வாசலுக்குப் பக்கத்தில் காசுமேசை, அதற்கு மேலே சாமிப்படமும் மின்சார ஊதுவத்தியும், வெள்ளைக்காரப் பொம்மைக்குக் கூறைச்சீலை. எண்பதுகளில் ஊரைவிட்டு வந்தவர்கள் கடை என்றால் எப்படி இருக்கும் என்று மனதில் கொண்டுவந்ததை அங்கே கட்டியிருக்கிறார்கள். பனிக்காலத்தில் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போகும்போது எனக்குப் பெரியம்மாவின் நினைவு வரும்.

ஊர் இப்போது நன்றாக எழும்பிவிட்டது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. கண்டி வீதி அகலமாகி, இரண்டு பக்கமும் வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் அலுமினியத் தகடு போர்த்த முகப்புகளோடு நிற்கின்றன. உள்ளே வெள்ளை ரைல், எல்.ஈ.டி. வெளிச்சம், ஏசி. குறை சொல்ல ஒன்றுமில்லை. அனுராதபுரத்திலோ குருநாகலிலோ கண்ணைக் கட்டி இறக்கிவிட்டாலும் வித்தியாசம் தெரியாது என்பதைத் தவிர.

போன வருடம் மருமகன் ஒருவன் அங்கே கூல்பார் திறந்தான். திறக்க முன் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தான். “மாமா, நீங்கள் சொல்லுவீங்களே, அந்தப் பழைய கூல்பார். அதின்ர போட்டோ ஒண்டு தாங்கோ. சுவர் முழுக்கப் பெரிசா அடிக்கப் போறன்.” தேடினேன். தங்கச்சியிடம் கேட்டேன், லண்டனில் இருக்கும் பள்ளிக்கூடச் சிநேகிதர்களிடம் கேட்டேன். ஒருவரிடமும் இல்லை. ஐஸ்கிறீம் கடைக்குக் கமராவோடு யார் போனார்கள்? வீட்டில் இருந்த அல்பங்களும் வீடுகளோடு போய்விட்டன. வெளிநாட்டுக்குத் தபாலில் வந்து தப்பியவை எல்லாம் ஸ்ரூடியோப் படங்கள்: வளைந்த மாடிப்படி, தூண், நீர்வீழ்ச்சி, இணைப்பில்லாத ரெலிபோன். எண்பதுகளின் சாவகச்சேரியில் ஓர் உட்புறம் எப்படி இருந்தது என்பதற்கு எங்கள் குடும்பத்திடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தத் திரைச்சீலைதான்.

அதை அனுப்பட்டுமா என்று கேட்டேன். அவனுக்குப் பிடிக்கவில்லை. நான் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு இணையத்தில் தேடி, தனக்குச் சரியென்று பட்ட ஒரு படத்தை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டான். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சிவப்பு வட்ட ஸ்ரூல்கள், மூலையில் பாட்டுப் பெட்டி, கவுண்டருக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு அமெரிக்கன்.

“இது எங்கட ஊர் இல்லையேடா.”

“தெரியும் மாமா. ஆனா வாற பழைய ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தான் இருந்தது எண்டு சொல்லீனம். கனடாவில இருந்து வந்த ஒரு அங்கிள் தான் எந்த ஸ்ரூலில இருந்தவர் எண்டு தொட்டும் காட்டினவர்.”